கையெழுத்து நம்முடையது, பரிசீலனை யாருடையது?

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்றார்கள் நம் பெரியவர்கள். அது மன்னர் காலத்துப் பேச்சு. இன்று நடப்பது குடியாட்சி. ஏழையின் சொல் மனுவாகிறது. மனுவில் நூறு கையெழுத்து விழுகிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் கட்டைவிரல் வைக்கிறார். அந்த மனு பஞ்சாயத்து ஆபீஸ் ஏறுகிறது, தாலுகா ஆபீஸ் ஏறுகிறது, பாலக்காட்டுக் கலெக்டரேட் ஏறுகிறது, திருவனந்தபுரத்துச் செக்ரெட்டேரியட்டும் ஏறுகிறது. ஏழை சொல் அம்பலம் ஏறத்தான் செய்கிறது, நண்பர்களே! ஆனால் ஏறியது இறங்குவதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்ற இரண்டே வார்த்தைகளில் அது அங்கேயே அடக்கமாகிவிடுகிறது.

யார் பரிசீலிக்கிறார்கள்? எந்தத் துறையின் மேல் குறை சொன்னோமோ, அந்தத் துறையேதான். எந்த உத்தரவை நிறுத்தச் சொன்னோமோ, அதில் கையெழுத்திட்டவரின் ஆபீஸேதான். வாதியும் பிரதிவாதியும் நிற்கும் வழக்கில் பிரதிவாதியே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் விசாரணையா? சித்தூர் தாலுகாவின் பெருமாட்டியிலும் கொழிஞ்சாம்பாறையிலும், இடுக்கியின் தேவிகுளத்திலும் மறையூரிலும் வாழும் தமிழர்கள் இன்று கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

உலகத்தில் சில நாடுகளில் மனுவுக்கு வேறு ஒரு பலன் உண்டு. இத்தனை ஆயிரம் வாக்காளர் கையெழுத்திட்டால் அந்த விஷயத்தை அரசாங்கம் மக்கள் வாக்குக்கு விட்டே ஆக வேண்டும். மந்திரிக்குப் பிடித்தாலும் விடவேண்டும், பிடிக்காவிட்டாலும் விடவேண்டும். அங்கே மனு விண்ணப்பமல்ல. மக்கள் கொண்டுவரும் மசோதா. அந்த முறை முழுமையாக இந்தியாவில் இல்லை. ஆனால் அதன் விதை நம் சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது. அதை முளைக்கவிடாமல் காய வைத்திருப்பது யார் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1,52,250 மனுக்களின் கதை

கையெழுத்தை நம்பி ஏமாந்த பழைய கணக்கு ஒன்று நமக்கு உண்டு. 1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்புக் குழு அமைக்கப்பட்டது. பசல் அலி தலைவர். குன்ஸ்ருவும் பணிக்கரும் உறுப்பினர்கள். எந்த ஊர் எந்த மாநிலத்தோடு சேரவேண்டும் என்று மக்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதினார்கள். நாடு முழுவதிலும் இருந்து 1,52,250 மனுக்களும் தந்திகளும் தீர்மானங்களும் குவிந்தன. 1955இல் அறிக்கை வந்தது. அவற்றில் நன்கு சிந்தித்து எழுதப்பட்டவை சுமார் 2,000க்கு மேல் இல்லை என்று குழு எழுதி வைத்தது. மற்றவற்றுக்கெல்லாம் என்ன மதிப்பு? எண்ணிக்கைக்கு மட்டுமே மதிப்பு!

அந்தக் குவியலில் திருவிதாங்கூர்த் தமிழர்களின் மனுக்களும் இருந்தன. அந்த உரிமைக்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. தோட்டத்துத் தமிழர் வந்து போகும் ஜனங்கள் என்ற வாதம் அன்று எடை போடப்பட்டது. சித்தூரும் கேரளத்திலேயே நின்றது. எல்லையை மறுபடியும் கீறிப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கேரள மண்ணில் வேர் விட்டவர்கள் நாம். மலையாளச் சகோதரர்களோடு ஒரே சந்தையில் வாங்கி, ஒரே கிணற்றில் நீர் இறைப்பவர்கள். நாம் சொல்வது ஒன்றுதான். மனு கேட்டார்கள், வாக்குக் கேட்கவில்லை.

வாக்குக் கேட்பது இந்தியாவில் நடக்காத காரியமா? கோவாவில் நடந்ததே! மகாராஷ்டிரத்தோடு இணைவதா, தனி யூனியன் பிரதேசமாக இருப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடமே கேட்டார்கள். பூ ஒரு சின்னம், இரண்டு இலை ஒரு சின்னம். படித்தவரும் படிக்காதவரும் வரிசையில் நின்று குத்தினார்கள். தனியாக இருப்போம் என்ற தீர்ப்பு வந்தது, டில்லி ஏற்றுக்கொண்டது. கோவா மக்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அறிவு உண்டு, நமக்கு மனுப் போடும் அறிவு மட்டும்தான் உண்டா?

சட்டம் ஒரு கையால் கொடுத்தது

பழைய கதை போகட்டும். இன்றைய சட்டத்துக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை என்று வைத்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூடவேண்டும். அதில் அருமையான ஒரு பிரிவு இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது. உறுப்பினர்களில் 10 சதவீதம் பேர் எழுத்து மூலம், என்ன விஷயம் பேச வேண்டும் என்பதையும் குறிப்பிட்டுக் கேட்டால், கன்வீனரான வார்டு மெம்பர் 15 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கு நடுவில் ஒருமுறை இந்த உரிமை உண்டு.

இதுதான் நான் சொன்ன விதை! 1,200 வாக்காளர் உள்ள வார்டில் 120 பேர் கையெழுத்திட்டால் ஊர் கூடும். மெம்பர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கூடும்.

கூடிய பிறகு? அங்கேதான் சட்டம் மறு கையை நீட்டுகிறது. கிராம சபை சொல்வது பெரும்பாலும் பரிந்துரை. பஞ்சாயத்து அதைக் 'கவனத்தில் எடுத்துக்கொள்ளும்'. சரி, பஞ்சாயத்தே மக்களோடு நின்று தீர்மானம் போட்டுவிட்டால்? அதற்கும் பூட்டு உண்டு. அதே சட்டத்தின் 191ஆம் பிரிவு பஞ்சாயத்துத் தீர்மானத்தை ரத்து செய்யவும் மாற்றவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கு முன் ஓம்பட்ஸ்மேனிடமோ தீர்ப்பாயத்திடமோ கருத்துக் கேட்கவேண்டும் என்ற வேலி இருப்பது உண்மை. ஆனால் அந்த விசாரணை நடக்கும்போதே தீர்மானத்தை நிறுத்தி வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. நிறுத்தி வைத்தால் போதாதா? கோடைக்குத் தண்ணீர் கேட்ட தீர்மானத்தை மழைக்காலம் வரை நிறுத்தி வைத்தால் அது ரத்து ஆனதற்கு என்ன குறைவு?

பிளாச்சிமடை சொல்லும் பாடம்

இது வெறும் வாதமல்ல. நம் தாலுகாவிலேயே நடந்தது. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் கொக்கோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. பூமிக்கடியில் இருந்த நீர் பாட்டிலில் ஏறியது. சுற்றியிருந்த குடியிருப்புகளின் கிணறுகள் கெட்டன. ஆலைக்கு வெளியே 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கியது. அதை முன்நின்று நடத்தியவர் மயிலம்மா; எரவாளர் என்ற பழங்குடிச் சமூகத்துப் பெண்மணி. பட்டம் இல்லை, பதவி இல்லை. தன் கிணற்று நீரில் அரிசி வேகவில்லை என்று சொல்லத் தெரிந்திருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

மக்கள் விடவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தும் கடைசியில் மக்கள் பக்கம் வந்தது. 2003 ஏப்ரலில் ஆலையின் லைசென்சைப் புதுப்பிப்பதில்லை என்று பெருமாட்டி பஞ்சாயத்து முடிவெடுத்தது. ஊர் கேட்டது, ஊராட்சி செய்தது. ஜனநாயகம் என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பது இதுதானே? ஆனால் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போன இடம் மாநில அரசின் உள்ளாட்சித் துறை. அந்தத் துறை பஞ்சாயத்து முடிவை நிறுத்தி வைத்தது. நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும் என்றது. ஆலை ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் பரிசீலனை!

2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலன் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று மாற்றித் தீர்த்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே ஆலையை மறுபடி நடத்தும் எண்ணமில்லை என்று கம்பெனி 2017இல் சொன்னது. அதாவது, ஒரு பஞ்சாயத்து 2003இல் எடுத்த முடிவின் மேல் வழக்கு முடிய 14 ஆண்டுகள்! மயிலம்மா 2007 ஜனவரியிலேயே கண்ணை மூடிவிட்டார்.

நஷ்ட ஈடு? அதையும் கேளுங்கள். அரசு நியமித்த உயர்மட்டக் குழு 2010இல் நஷ்டத்தை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011 பிப்ரவரி 24 அன்று நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாய மசோதாவைக் கேரளச் சட்டசபை ஒருமனதாக நிறைவேற்றியது. மசோதா டில்லிக்குப் போனது. பரிசீலனை, பரிசீலனை என்று ஆண்டுகள் ஓடின. கடைசியில் ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை. பெருமாட்டியைத் திருவனந்தபுரம் நடத்திய விதத்தில் திருவனந்தபுரத்தை டில்லி நடத்தியது. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் தீர்மானம் எப்போதும் மனுதான்!

ஒரு கட்சியைக் குறை சொல்லி மற்றொரு கட்சிக்கு மாலை போட இதை எழுதவில்லை. 2003இல் ஆண்டது ஐக்கிய ஜனநாயக முன்னணி. 2017இல் ஆண்டது இடது ஜனநாயக முன்னணி. அந்த 2017இல், மதுக்கடைக்கு அனுமதி மறுக்க உள்ளாட்சிகளுக்கு இருந்த அதிகாரத்தை அவசரச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். கொடிகள் மாறின, ஊரின் வாயைப் பொத்தும் கை மாறவில்லை.

கையெழுத்திலிருந்து வாக்குப் பெட்டிக்கு

'மனுவால் வாக்கெடுப்பா? அதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுச் சங்கதி' என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் ராஜஸ்தானைப் பார்க்கட்டும். அங்கே 1975ஆம் ஆண்டு விதிகளின்படி, 20 சதவீத வாக்காளர்கள் மனுக் கொடுத்தால் சாராயக் கடை வேண்டுமா வேண்டாமா என்று ஊரில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 51 சதவீதம் பேர் வேண்டாம் என்றால் கடையை மூட வேண்டும். 2016 மார்ச்சில் ராஜ்சமந்த் மாவட்டத்துக் கச்சாபலி ஊரில் பெண்கள் முன்நின்று அப்படித்தான் மூடினார்கள். மகாராஷ்டிரத்தில் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் மனுச் செய்தால் ரகசிய வாக்கெடுப்பு. வாக்குச் சீட்டில் இரண்டு படம்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். கடை வேண்டுமென்றால் நிற்கும் பாட்டில், வேண்டாமென்றால் படுத்த பாட்டில். எத்தனையோ ஊர்ப் பெண்கள் பாட்டிலைப் படுக்க வைத்துவிட்டார்கள்!

ஆனால் அங்கேயும் பூட்டு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மனுவில் உள்ள கையெழுத்து சரியா என்று பார்ப்பது கலால் துறை. கடையால் வருமானம் பெறும் துறை! மகாராஷ்டிர விதிப்படி வாக்களிக்க வந்தவர்களில் பாதியல்ல, பட்டியலில் உள்ள அத்தனை பேரிலும் பாதிக்கு மேல் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வெளியூருக்குக் கூலிக்குப் போனவள், பிரசவத்துக்குப் போனவள், பட்டியலில் பெயர் மிச்சமிருக்கும் செத்துப்போனவள் எல்லாரும் கடைக்கு வாக்களித்ததாகவே கணக்கு. எந்த எம்.எல்.ஏ.வாவது பட்டியலில் பாதிப்பேர் வாக்கு வாங்கித்தான் சட்டசபைக்குப் போகவேண்டும் என்று விதி உண்டா? இல்லை. ஊர்ப் பெண்ணுக்கு மட்டும் அந்த அளவுகோல்!

வெளிநாட்டிலும் இதே தந்திரம்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022இல் கருக்கலைப்பு உரிமை பற்றிய மனு ஒன்று வந்தது. அதன் சரி தவறு இங்கே நம் விஷயமல்ல. மனு பட்ட பாடுதான் விஷயம். சுமார் 4 லட்சத்து 25 ஆயிரம் கையெழுத்துப் போதும். 7 லட்சத்துக்கு மேல் வந்திருந்தது. மனுக்களைச் சரிபார்க்கும் போர்டில் நாலு பேர்; கட்சிக்கு இரண்டு பேர். மனுவில் சில வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி சரியாக விழவில்லை என்று இரண்டு பேர் மறுத்தார்கள். இரண்டுக்கு இரண்டு என்று மனு முடங்கியது! மாநில சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்ட பிறகே அது வாக்குச் சீட்டில் ஏறியது. நவம்பரில் மக்கள் நிறைவேற்றினார்கள். ஆனால் 2024இல் அர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்தோடு வந்த மனு தப்பவில்லை. கூலிக்குக் கையெழுத்துத் திரட்டியவர்களைப் பற்றிய காகிதம் சரியில்லை என்று மாநிலச் செயலாளர் தள்ளினார். கோர்ட்டும் நாலுக்கு மூன்று என்று அவர் பக்கம் நின்றது. பணக்கார நாடு, நூறு ஆண்டுப் பழக்கம், இருந்தும் ஒரு ஆபீசரின் பேனா ஒரு லட்சம் பேனாக்களை வென்றுவிட்டது.

சுவிட்சர்லாந்தில் வேறு வழி. 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்துத் திரட்டினால் அரசியல் சட்டத் திருத்தமே மக்கள் வாக்குக்குப் போகும். பாராளுமன்றம் செல்லும், செல்லாது என்று பார்ப்பதுண்டு. ஆனால் அதற்கான காரணங்கள் முன்கூட்டியே சட்டத்தில் எழுதப்பட்டவை. 1891இலிருந்து செல்லாது என்று தள்ளப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பரிசீலனை கூடாது என்று நாம் சொல்லவில்லை. கையெழுத்து மெய்யா என்று எண்ணட்டும்; சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கட்டும். 'இது நல்லதா' என்று பார்க்கும் வேலை மட்டும் ஊருடையது.

நமக்கு நாமே எச்சரிக்கை

இங்கே ஒரு கேள்வியை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். நாம் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையர். எல்லாவற்றையும் மாநிலம் முழுவதும் வாக்குக்கு விட்டால் நம் கதி என்ன? கலிபோர்னியாவில் 1986இல் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். 1998இல் வந்தேறிக் குழந்தைகளுக்கு இருந்த இருமொழிக் கல்வியை வாக்கெடுப்பாலேயே முடக்கினார்கள். அதைத் திரும்பப் பெற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்திலேயே 2009இல் மசூதி கோபுரம் கட்டக் கூடாது என்று பெரும்பான்மை வாக்களித்தது. நாளை 'தமிழ் மீடியம் பள்ளி வேண்டுமா' என்று 3 கோடிப் பேரிடம் கேட்டால் என்ன ஆகும்?

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு 'வாக்கெடுப்பு, வாக்கெடுப்பு' என்று கூவுவது நமக்கு ஆகாது. நாம் கேட்பது ஊரளவு வாக்கெடுப்பு. ஊரின் நீர், ஊரின் நிலம், ஊரின் கடை, ஊரின் ரோடு பற்றியது. ஒருவரின் மொழியும் மதமும் அடிப்படை உரிமையும் எந்த வாக்குப் பெட்டிக்குள்ளும் போகக்கூடாது. அது மீறப்படுகிறதா என்று பார்க்க வேண்டியது கோர்ட், மந்திரி அல்ல.

மொழியைச் சொன்னேன். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்கள் அரசோடு தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வரவேண்டும் என்கிறது. அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு குறையை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்கிறது. சித்தூர் வாசகர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: தமிழில் நீங்கள் கொடுத்த மனுக்களுக்குத் தமிழில் வந்த பதில் எத்தனை? விரலே வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். படிக்கத் தெரியாத மொழியில் வரும் பதில், கொடுக்காத பதிலுக்குச் சமம்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: கிராம சபையில் 10 சதவீதம் பேர் கேட்டால் கூட்டம் என்பது இருக்கிறது. அதோடு, 20 சதவீதம் பேர் கேட்டால் பஞ்சாயத்து அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் ரகசிய வாக்கெடுப்பு என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையே தீர்ப்பு.

இரண்டு: கையெழுத்துச் சரிபார்ப்பு எந்தத் துறை மேல் குறையோ அந்தத் துறையிடம் இருக்கக்கூடாது. உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் இருக்கட்டும். 30 நாள் கெடு. அதற்குள் பதில் இல்லையென்றால் மனு ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.

மூன்று: எழுத்துப் பிழை, இடைவெளிப் பிழை, படிவப் பிழைக்காக மனுவைத் தள்ளக்கூடாது, திருத்தித் தர 15 நாள் கொடுக்க வேண்டும். தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

நான்கு: ஊர் வாக்களித்த தீர்மானத்தை 191ஆம் பிரிவால் அரசு நிறுத்தி வைக்கக்கூடாது. ஆட்சேபணை இருந்தால் அரசும் நம்மைப் போல் கோர்ட் வாசலில் நிற்கட்டும்.

ஐந்து: சித்தூரிலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலையிலும் மனுப் படிவமும் வாக்குச் சீட்டும் பதிலும் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டமும் வாக்கெடுப்பும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். கொழுந்து கிள்ளும் பெண் ஒருநாள் கூலியை இழந்துதான் குடியுரிமையைக் காட்ட வேண்டுமா?

சட்டம் திருத்தும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். இருக்கும் விதையை இன்றே நடலாம். உங்கள் வார்டு வாக்காளர் பட்டியலை வாங்குங்கள். பத்தில் ஒரு பங்கு என்ன என்று கணக்கிடுங்கள். குடிநீரோ, ரோடோ, தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியரோ, ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டை ஒன்றாகக் கலக்க வேண்டாம். பட்டியலில் உள்ளபடியே பெயரும் வரிசை எண்ணும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்துக்குப் பதினைந்தாக வாங்குங்கள், தள்ளுபடி செய்ய ஆள் இருக்கிறது. தமிழில் எழுதுங்கள். கொடுத்த தேதிக்கு ரசீது வாங்குங்கள். பதினாறாம் நாள் காலையில் கூட்டம் கூடவில்லையென்றால், ரசீதோடு போய்க் கேளுங்கள்.

தனி ஆள் கேட்டால் அது மனு. ஊர் கேட்டால் அது ஆணை. ஆணையைப் பரிசீலிக்க வேலைக்காரனுக்கு அதிகாரமில்லை, நிறைவேற்றத்தான் அதிகாரம்.